குண்டு விழுகிற வருஷத்தில் ஸ்டார் கட்டலாமா?

1 டிசம்பர் 2023 – ராணிப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

பெத்லகேமிலேயே இந்த வருஷம் கிறிஸ்மஸ் மரம் இல்லை, விளக்கு இல்லை என்கிறார்கள். நேற்று மாடியில் ஸ்டார் கட்ட ஏணி போட்டேன். கையில் வயரோடு நின்றவன் அப்படியே இறங்கிவிட்டேன். காஸா, உக்ரைன், மணிப்பூர் என்று காலையிலிருந்து ராத்திரி வரை இதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். "பூமியிலே சமாதானம்" என்று வாய் கூசாமல் எப்படிப் பாடுவது? வேலூர் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

2 டிசம்பர், இரவு

தம்பி, ஸ்டாரைக் கட்டுங்கள்.

எருசலேம் சபைத் தலைவர்கள் நவம்பர் 10ஆம் தேதி கேட்டுக்கொண்டது, தேவையில்லாத ஆடம்பரம் வேண்டாம் என்பதைத்தான். ஆராதனையை நிறுத்தச் சொல்லவில்லை, பாடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அங்கே குண்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடப் போகிறார்கள். காட்பாடியில் இருக்கிற நாம் எதற்கு வாயை மூட வேண்டும்?

இன்னொன்று. அந்தப் பாட்டு எந்தக் காலத்தில் பாடப்பட்டது என்று லூக்காவை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதச் சொன்ன காலம் அது. நிறைமாதக் கர்ப்பிணியை நடுவழியில் அலையவிட்ட சட்டம். அரண்மனையில் இருந்தவன் ஏரோது. அந்த ராத்திரியில் பூமியில் ஒரு சமாதானமும் கிடையாது. இல்லாத இடத்தில்தான் தூதர்கள் பாடினார்கள்.

3 டிசம்பர், ஞாயிறு

இன்று அட்வென்ட், அதாவது கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற காலத்தின் முதல் ஞாயிறு. புயல் வருகிறது என்பதால் கோயிலில் பாதிக் கூட்டம். இங்கே ஊதக்காற்றும் தூறலும்தான். சென்னையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

5 டிசம்பர்

வேளச்சேரியில் இருக்கிற தங்கைக்கு நேற்று முழுக்க போன் போகவில்லை. மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளம் முழுகிப்போய், மாடி வீட்டுக்காரர்களோடு இருந்திருக்கிறாள். இன்று மத்தியானம்தான் பேசினாள். அதுவரைக்கும் நான் செய்தது என்ன தெரியுமா? டிவியில் ஒரே வேளச்சேரி காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் வீடு தெரிகிறதா என்று தேடினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நர்சாக வேலை பார்த்த காலத்தில் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கதவுக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். கண்ணை எடுத்தால் உள்ளே ஏதாவது ஆகிவிடும் என்கிற மாதிரி. "போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்கம்மா" என்று கையைப் பிடித்துக் கிளப்ப வேண்டும். நேற்று என் கையைப் பிடித்துக் கிளப்ப ஆளில்லை.

அதனால் ஒரு தீர்மானம். செய்தி காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போன் ஹாலில்தான் இருக்கும், படுக்கையறைக்குள் வராது.

8 டிசம்பர்

மேலே நான் எழுதியதற்கு ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "போனை மூடி வைக்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது. குண்டு விழுகிற வீட்டில் இருக்கிறவளுக்கு இருக்கிறதா?"

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி நியாயமானது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது பாவம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இடிபாட்டிலிருந்து தூக்கப்படுகிற ஒரு குழந்தையின் வீடியோவை ஆறாவது தடவை பார்ப்பதால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? எனக்குத் தூக்கம் போகிறது, மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் எரிந்து விழுகிறேன். அந்தக் குழந்தை எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரிந்துகொண்டு, அந்த ஊரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, என்னால் ஆனதை அனுப்ப வேண்டும். முதல் தடவை பார்த்ததே அதற்குப் போதும்.

ஆக, மூடுவது பற்றி நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூடிய பிறகு கை சும்மா இருக்கக் கூடாது.

10 டிசம்பர், ஞாயிறு

உலகத்துச் சண்டையைப் பேசிக்கொண்டே இருக்கிறோம், நம் சபைச் சண்டையை யாரும் வாயெடுக்கவில்லை. நான் எடுக்கிறேன்.

எங்கள் கோயில் பெயர் வேண்டாம். கமிட்டித் தேர்தலில் ஆரம்பித்தது. பழைய கமிட்டி, புதிய கமிட்டி. ஓட்டு எண்ணியதில் தகராறு, பிறகு வழக்கு, பிறகு மணிக்கூண்டுக்குக் கீழே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசலில் போலீஸ் நின்றது. ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் கான்ஸ்டபிளைத் தாண்டி வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

போன வருஷம் கேரல் ரவுண்ட்ஸே இரண்டாகப் போனது. இரண்டு குட்டியானை, இரண்டு ஜெனரேட்டர், இரண்டு கிறிஸ்மஸ் தாத்தா. ஒரு குழு பாடிவிட்டுப் போன வீட்டுக்கு அரைமணி கழித்து அடுத்த குழு. வீட்டுக்காரர்கள் இரண்டு காணிக்கைக் கவர் போட வேண்டும். ஒன்று மெலிந்திருந்தால் அதற்கும் பேச்சு. இரண்டு குழுவும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தபோது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு, வேறு வேறு சுருதியில். வழி விடவில்லை. தெருக்கோடியில் இருக்கிற பாய் கடையைத் திறந்து வெளியே வந்து, இரண்டு டிரைவரையும் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்க வைத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த நாட்டுச் செய்தியும் என்னை அப்படிப் படுத்தியதில்லை.

காஸாவில் குண்டை நிறுத்த என்னால் முடியாது. பாடகர் குழுவில் எங்கள் ஆல்ட்டோ வரிசையில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், என் பக்கத்தில் பல வருஷம் நின்றவள் இப்போது அந்தப் பக்கம். அவளிடம் பேச என்னால் முடியும். நான் பேசவில்லை. சமாதானம் எங்கே என்று கேட்கிற தம்பிக்கு என் முதல் பதில் இதுதான்: கைக்கு எட்டுகிற சண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தூரத்துச் சண்டைக்காக அழுவது நல்லதுதான், ஆனால் அது இதற்கு ஈடாகாது.

12 டிசம்பர்

குடியாத்தம் ஆசிரியர் 1914ஐ நினைவூட்டியிருக்கிறார். முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் இருந்த பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் கிறிஸ்மஸ் அன்று எழுந்து வந்து கைகுலுக்கிய கதை. கதையல்ல, நடந்ததுதான். இந்தியப் படைப்பிரிவில் இருந்த கர்வால் ரைஃபிள்ஸ் ஆட்களும் தங்கள் பகுதியில் அதில் இருந்தார்கள் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது.

எல்லாரும் பாட்டையும் கால்பந்தையும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. பல இடங்களில் அவர்கள் அந்த நேரத்தில் செய்தது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நாட்கணக்காகக் கிடந்த பிணங்களை எடுத்துப் புதைத்தது. எதிராளியின் செத்தவனுக்கும் சேர்த்துக் குழி வெட்டினார்கள். போர் நிற்கவில்லை. மேலதிகாரிகள் கண்டித்தார்கள், அடுத்த வருஷம் அப்படி நடக்கவிடவில்லை, சண்டை 1918 வரை போனது. "அப்ப என்ன பிரயோஜனம்?" என்று ஆசிரியர் கேட்கிறார். புதைக்கப்பட்டவன் வீட்டில் கேளுங்கள் ஐயா.

14 டிசம்பர்

ஆல்ட்டோக்காரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

16 டிசம்பர்

இன்று அச்சு முறுக்கு. துணைக்கு வந்தவள் மணிப்பூர்ப் பிள்ளை ஒருத்தி. இங்கே நர்சிங் படிக்கிறாள். மே மாதம் கலவரம் ஆரம்பித்ததிலிருந்து ஊருக்குப் போகவில்லை, போக வீடும் இல்லை. அம்மா நிவாரண முகாமில். அங்கே மாதக்கணக்கில் இன்டர்நெட்டை நிறுத்தி வைத்திருந்தபோது, அம்மா யாருடைய போனிலாவது கூப்பிட்டால்தான் உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்னும் எந்நேரமும் போனை சார்ஜரோடு இடுப்பில் செருகியே வைத்திருக்கிறாள். அவளிடம் போய் "போனை ஹாலில் வை" என்று நான் சொல்ல முடியுமா? ஆம்பூர் சகோதரி, உங்கள் கேள்வி எனக்கு இன்றுதான் முழுசாக விளங்கியது.

அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். முழுசாக முக்கினால் மேலே மூடிக்கொண்டு, எண்ணெயில் கழன்று வராது. முதல் நாலைந்து அவளுக்குக் கழலவில்லை. ஈர்க்குச்சியால் தள்ளிவிடக் காட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னைவிட வேகம். எண்ணெயைப் பார்த்துக்கொண்டே மெதுவாக அவள் மொழியில் ஏதோ பாடினாள். மெட்டு எனக்குத் தெரிந்த கிறிஸ்மஸ் மெட்டுதான். நான் ஆல்ட்டோ பிடித்தேன். நடுவில் போன் அடித்தது, அம்மா. ஸ்பீக்கரில் போட்டாள். முகாமிலும் கிறிஸ்மஸ் ஆராதனை வைக்கிறார்களாம், ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்துச் சமைக்கப் போகிறார்களாம். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, மாவு கெட்டியாயிடுச்சு, தேங்காய்ப்பால் ஊத்தவா?" என்றாள்.

தம்பி, வாய் கூசாமல் எப்படிப் பாடுவது என்று கேட்டீர்களே. இவள் பாடுகிறாள்.

17 டிசம்பர்

மார்கழி முதல் நாள். எதிர்வீட்டு மாமி நாலரைக்கே கோலம் போட்டு முடித்து, எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பனியில் தெருவே தெரியவில்லை.

19 டிசம்பர்

சென்னை வடிந்தது என்று மூச்சு விட்டோம், இப்போது தென்மாவட்டம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நம் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அதற்குக் கொஞ்சம் மேலேதான் வரும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிலேயே ஜனம் மாட்டிக்கொண்டது. ஏரல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் குடும்பம், பாத்திரம் பண்டம் எல்லாம் போயிற்று.

கேரல் காணிக்கை இரண்டு குழுவுக்கும் எதற்கு? போன வருஷம் ஒன்று வழக்குச் செலவுக்குப் போனதாகப் பேச்சு. இந்த வருஷம் இரண்டும் தூத்துக்குடிக்குப் போகட்டும். இரண்டு பக்கத்துப் பொருளாளருக்கும் இதையே எழுதி அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரலைப் போட்டார். இன்னொருவர் "அவங்க முதல்ல தரட்டும்" என்றார்.

20 டிசம்பர்

திருப்பத்தூர் நண்பர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதியிருக்கிறார், சந்தோஷம். ஒரு சின்னத் திருத்தம்: ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிய சம்பவம் வேலூரில் நடந்ததல்ல, திண்டிவனத்தில். பிரசவத்தில் தவிக்கிற மனைவிக்காக ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. ஐடாவின் அப்பா டாக்டர், அங்கேயே இருந்தார், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்த நாட்டில் இருக்கவே மாட்டேன் என்றிருந்த பெண், அதற்குப் பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் அப்பா வீட்டிலேயே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை.

இதை இங்கே ஏன் நீட்டுகிறேன் என்றால், அந்த ராத்திரி அவருக்கு நிம்மதி வரவில்லை, வந்தது வேலை. மனம் அமைதியான பிறகு ஏதாவது செய்யலாம் என்று காத்திருந்தால் நானெல்லாம் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன். நைட் டூட்டியில் கற்றதும் இதுதான்: கை நடுங்கினால் நடுங்கட்டும், ஊசியைச் சரியாகப் போடு. நடுக்கம் பிறகு தானாக நிற்கும்.

22 டிசம்பர்

"வேலூர் அமைதியான ஊர், நமக்கென்ன" என்று ஒருவர். ஐயா, கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, புதுத் தொப்பி போடு என்ற உத்தரவு உள்ளே புகைந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர் நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்த பிறகு அதைப்போல் பல மடங்கு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஒரே காலைப்பொழுதில். நாற்பது வருஷம் கழித்து 1846இல் அதே கோட்டைக்குள் புனித யோவான் ஆலயம் கட்டினார்கள். நாங்கள் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நடந்து போகிற மண் அந்த மண்தான். அதே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் இருக்கிறார், மசூதியும் இருக்கிறது. சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் வேலூர் மக்கான் பகுதியில்.

இரத்தம் சிந்தாத இடம் பார்த்துத்தான் பாட வேண்டுமென்றால் நம் ஜில்லாவில் பாட இடமே கிடைக்காது.

24 டிசம்பர், விடியற்காலை நாலரை

தூங்கப் போவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி எங்கள் தெருப் பக்கம் ரவுண்ட்ஸ். இந்த வருஷமும் இரண்டு குழுதான். எங்கள் கடைசித் தெருவில் ஒரு பாட்டி, தொண்ணூறைத் தாண்டியவர், கண் தெரியாது. அவருக்கு ஒவ்வொருவரையும் குரலை வைத்துத்தான் அடையாளம். எங்கள் குழு இரண்டு மணிக்குப் போய்ப் பாட ஆரம்பித்தோம். முதல் சரணத்திலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னாடா இது, பேஸே இல்ல? அவன் எங்க பூட்டான்?"

பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடுகிற அண்ணன் அந்தக் குழுவில். யாரும் பதில் சொல்லவில்லை. பாட்டிக்குச் சண்டை தெரியும், தெரியாத மாதிரியும் கேட்கவில்லை. "அவனையும் இட்டாங்க. அவன் வராம நான் ஜெபம் பண்ண மாட்டேன், நீங்களும் போவ முடியாது" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அந்தக் குட்டியானை இரண்டு தெரு தள்ளி நின்றது. எங்கள் குழுச் செயலர் நகரவில்லை. கடைசியில் சண்டே ஸ்கூல் பையன் ஒருவன் ஓடினான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். முதலில் ஆள் வரவில்லை, ஜெனரேட்டர் சத்தம்தான் நெருங்கி வந்து நின்றது. அண்ணன் உள்ளே வராமல் தெருவில் நின்றபடியே தொண்டையைக் கனைத்தார். பாட்டி சிரித்துவிட்டார். "திண்ணைக்கு வாடா, பனி கொட்டுது" என்றார். அவர் ஏறினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், கடைசியாக என் ஆல்ட்டோக்காரி. திண்ணையில் இடமில்லாமல் என் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு பாட்டு. நாலு குரலும் முழுசாக. அவள் கையில் பாட்டுப் புத்தகம் இல்லை, என்னுடையதைப் பாதி அவள் பக்கம் நீட்டினேன், ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பாட்டி வடக்கு ஆற்காட்டில் அவர் பார்த்த எல்லாப் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் சொல்லி நீளமாக ஜெபித்தார். டீ கொடுத்தார்கள். பிறகு இரண்டு வண்டியும் இரண்டு பக்கம் போயின.

ஆராதனைக்கு இன்னும் சில மணி நேரம்தான். படுக்கிறேன்.

26 டிசம்பர்

நைஜீரியாவில் பிளாட்டோ மாநிலத்துக் கிராமங்களில் கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி புகுந்து வெட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கு மேல் என்கிறது செய்தி. நாங்கள் இங்கே பாடிக்கொண்டிருந்த அதே நேரம்.

காலையில் ஒருமுறை வாசித்தேன். அதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

28 டிசம்பர்

இன்று ஏரோது கொன்ற பிள்ளைகளை நினைக்கிற நாள். கத்தோலிக்கர் மாசில்லாக் குழந்தைகள் விழா என்று முறையாக வைக்கிறார்கள். நம் பக்கம் அதிகம் பேசுவதில்லை. சண்டே ஸ்கூல் நாடகத்தில் ஏரோது அட்டைக் கத்தியோடு வந்து கத்திவிட்டுப் போவான், அவ்வளவுதான். மத்தேயு இரண்டாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தைக் கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் யாரும் வாசிக்க மாட்டார்கள், குஷியைக் கெடுக்குமாம்.

வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. மணிப்பூர்ப் பிள்ளைக்கும், ஏரல் டீச்சருக்கும், பிளாட்டோவில் மிச்சமிருக்கிற தாய்க்கும் அந்த வசனம்தான் கதவு. கிறிஸ்மஸ் கதைக்குள்ளேயே வன்முறை எழுதப்பட்டிருக்கிறது, ராவோடு ராவாக எகிப்துக்கு ஓடியதும் எழுதப்பட்டிருக்கிறது. அதை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாடுவதால்தான் செய்தி பார்த்ததும் நமக்குப் பாட்டு பொய்யாகத் தெரிகிறது.

2 ஜனவரி 2024

கணக்கு கேட்டவர்களுக்கு. இரண்டு பொருளாளரும் நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கவர்களைப் பிரித்தார்கள். அவரவர் நோட்டில் அவரவர் எழுதினார்கள், ஒருவர் எண்ணியதை மற்றவர் திரும்ப எண்ணினார். நம்பிக்கையில்லாமல்தான், அதனாலென்ன, கணக்கு ஒத்துப்போனது. லாங் பஜாரில் போர்வையும் பாயும் பாத்திரமும் வாங்கி, பார்சல் லாரியில் ஏரலுக்குப் போட்டாயிற்று. ஒரு பகுதியை மணிப்பூர்ப் பிள்ளை மூலமாக முகாமுக்கு அனுப்பினோம். அந்த யோசனை என்னுடையதல்ல, "அவங்க முதல்ல தரட்டும்" என்றவருடையது.

சண்டை தீர்ந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பிப்ரவரியில் வாய்தா இருக்கிறது. ஆல்ட்டோக்காரி போனை எடுத்தாள், மருமகளுக்கு எட்டு மாதம் என்றாள், கோயில் விஷயம் இருவரும் பேசவில்லை.

பிப்ரவரி 14 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். அதற்கு முன் இயேசுவின் பாடுகளைச் சொல்கிற பாட்டுகளுக்குப் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும். பேஸ் அண்ணன், "கோயிலுக்குள்ள வரமாட்டேம்மா, உங்க வீடுன்னா வரேன்" என்கிறார். அதனால் எங்கள் வீட்டிலேயே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. டெனருக்கு, அதாவது ஆண்களின் மேல்குரலுக்கு, ஆள் பற்றவில்லை. ராணிப்பேட்டைத் தம்பி, உங்களுக்குப் பாட வரும் என்றால் ஆறு மணிக்குள் காட்பாடி வந்துவிடுங்கள்.